தாள் இல்லாத புத்தகத்துக்கு ஏன் இத்தனை விலை?

சென்ற இதழில், மின்னூல் வாங்குவது ஆதாயமா என்று கேட்ட ஒரு வாசகருக்கு, "அச்சு நூலைவிடக் கொஞ்சம் மலிவு, வீட்டில் இடத்தையும் அடைக்காது" என்று ஒன்றரை வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த அவசரத்துக்குத் தண்டனைபோல, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்கள் மேசைமேல் குவிந்துவிட்டன. எல்லாமே விலையைப் பற்றியவை. பதிப்பகம் ஒன்றில் பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தும் கணக்கு எழுதியும் பழகியவன் என்ற முறையில், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். கண்பார்வை மங்கிவருவதால், எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளலாம் என்று என் மகள் வாசிப்புக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் தேடிய நாவலின் அச்சு நூல் 300 ரூபாய். மின்னூல் 270 ரூபாய். தாள் இல்லை, மை இல்லை, பைண்டிங் இல்லை, லாரி வாடகை இல்லை. அப்படியிருந்தும் முப்பது ரூபாய்தான் குறைப்போம் என்பது வாசகனை ஏமாற்றுவதாகாதா?
*– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

ஐயா, தங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது எவ்வளவு நியாயம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். புத்தகத்தின் விலையில் பெரும்பகுதி தாளுக்கும் அச்சுக்கும் போகிறது என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். கையில் இருப்பது தாள் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான்.

டெம்மி அளவில் 240 பக்கமுள்ள நாவல் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் அது 15 ஃபாரம் வரும். விலை தாங்கள் சொன்ன 300 ரூபாய். இனி நான் சொல்லும் எண்கள் குறிப்பிட்ட எந்த நூலின் கணக்கும் அல்ல. விஷயம் விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு, அதாவது கமிஷன், கொடுத்தால் 105 ரூபாய் அங்கே போய்விடும். ஆசிரியருக்கு 10 சதவீத உரிமைத்தொகை 30 ரூபாய். தாள், அச்சு, பைண்டிங் மூன்றும் சேர்ந்து படி ஒன்றுக்கு 80 ரூபாய். மீதி 85 ரூபாய். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை ஓவியம், கிடங்கு வாடகை, பார்சல் கட்டணம், விற்காமல் திரும்பிவரும் படிகளின் நட்டம் ஆகிய அனைத்தும் அந்த 85 ரூபாய்க்குள் அடங்கி, அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சினால் அதுவே பதிப்பாளரின் லாபம். ஆக, தாங்கள் பட்டியலிட்ட தாளும் மையும் பைண்டிங்கும் 300 ரூபாயில் 80 ரூபாய்தான். பெரிய பங்கு விற்பவருடையது.

மின்னூலில் அந்த 80 ரூபாய் மிச்சம். கிடங்கும் பார்சலும் மிச்சம். ஆனால் விற்பவர் அங்கேயும் இருக்கிறார். அவர் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறார் என்றும், ஆசிரியருக்குக் கைக்கு வந்த தொகையில் நான்கில் ஒரு பங்கு தரப்படுகிறது என்றும் கொள்வோம். மின்னூலுக்கு 200 ரூபாய் விலை வைத்தால், அதற்குள் அடங்கியுள்ள 5 சதவீத வரி போக ஏறத்தாழ 190 ரூபாய். கடையின் பங்கு போக 133 ரூபாய். அதில் ஆசிரியருக்கு 33, பதிப்பாளருக்கு 100. அச்சு நூலின் மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு விற்றபோதிலும் ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் அச்சு நூலில் கிடைத்ததைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. அதிலும் பதிப்பாளரின் 100 ரூபாயில் திரும்பிவரும் படிகளின் நட்டம் என்ற பேச்சே இல்லை. விலையை 150 ரூபாயாகக் குறைத்தால் ஆசிரியருக்கு 25, பதிப்பாளருக்கு 75. சிறிது குறைவுதான், ஆனால் வாங்குவோர் பெருகினால் ஈடுகட்டக்கூடிய குறைவு. தாங்கள் பார்த்த 270 ரூபாயிலோ ஆசிரியருக்கு 45 ரூபாயும் பதிப்பாளருக்கு 135 ரூபாயும் சேரும்.

எனவே என் கணக்குப்படி, ஒரு தமிழ் நாவலின் மின்னூல் விலை அச்சு விலையின் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவில் எங்காவது நிற்பதே முறை. பத்தில் ஒன்பது பங்கு விலை கேட்பதை உற்பத்திச் செலவைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. அப்படியானால் ஏன் கேட்கிறார்கள் என்றால், அச்சு நூலின் விற்பனை குலைந்துவிடக் கூடாது என்ற அச்சம்தான் பெரும்பாலும் காரணம். மின்னூலைப் பாதி விலைக்குக் கொடுத்தால் புத்தகக் கடைக்காரர்கள் மனம் கோணுவார்கள், அச்சிட்டு அடுக்கிவைத்த படிகள் கிடங்கிலேயே கிடந்துவிடும் என்று பதிப்பாளர் நினைக்கிறார். இந்த அச்சத்துக்கான விலையைத்தான் தாங்கள் கொடுக்கிறீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போனால், வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியில் அச்சு நாவலே அதே 270 ரூபாய்க்குக் கிடைத்துவிடும்.

பதிப்பாளர் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். மின்னூலுக்குச் செலவே கிடையாது, பொத்தானை அழுத்தினால் போதும் என்ற எண்ணம் தவறு. தமிழில் பழைய புத்தகங்களில் பெரும்பாலானவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறை வருவதற்கு முந்திய எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோக்கப்பட்டவை. அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஔகாரக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் 'கௌரவம்' என்ற சொல் ஒற்றைக் கொம்பும் ககரமும் ளகரமுமாக உடைந்து போகும்; கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் சொல் அகப்படாது. ஒரு நாவலை இப்படி மாற்றிய பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன், ஐந்நூறு பக்க நூல் ஒன்று இரண்டு மாத மாலைப்பொழுதுகளைத் தின்றுவிட்டது. அந்த நூலின் மின்பதிப்பு நூறு படி விற்பதற்குள் ஆண்டு ஒன்று ஓடிவிட்டது. மெய்ப்புக் கூலியை நூறால் வகுத்தால் என்ன வரும், ஆயிரத்தால் வகுத்தால் என்ன வரும் என்பதில்தான் தமிழ் மின்னூலின் விலைச் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

வணிகவியல் மாணவன் நான். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மின்னூலுக்கு மட்டும் உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். படிப்பு ஒன்றுதானே? புதுச்சேரிக் கணக்கில் வாங்கினால் வரி குறையுமா?
*– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்*

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன் தம்பி. பெட்ரோல் போடுவதற்காக முள்ளோடை எல்லையைத் தாண்டிப் போகும் கடலூர்க்காரரின் சாமர்த்தியம் இதில் செல்லாது. ஜி.எஸ்.டி. விகிதம் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்.

மற்றபடி உங்கள் வகுப்பில் சொன்னது சரி. அச்சிட்ட நூலுக்கு வரி இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது மின்னூல், இணையவழிச் சேவையாகக் கருதப்பட்டு 18 சதவீத வரிக்குள் விழுந்தது. 2018 ஜூலையில் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அந்தச் சலுகையில் ஒரு நிபந்தனை உண்டு: அச்சிட்ட நூல் ஒன்றின் மின்வடிவமாக இருந்தால்தான் 5 சதவீதம். அச்சாகாமல் நேரே மின்னூலாகப் பிறக்கும் நூல் இந்தச் சலுகைக்குள் வராது. முதல் கவிதைத் தொகுப்பை அச்சிடப் பணமில்லாமல் மின்னூலாக மட்டும் வெளியிடும் இளங்கவிஞருக்கு அதிக வரி, அச்சிட வசதியுள்ளவருக்குக் குறைந்த வரி என்று ஆகிறது. இதை யாரும் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் விளைவு அதுதான்.

அச்சு நூலுக்கு வரி இல்லை என்பதிலும் வணிகவியல் மாணவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பதிப்பாளர் வாங்கும் தாளுக்கும் மைக்கும் வரி கட்டுகிறார். விற்கும் பொருளுக்கு வரி விலக்கு இருப்பதால், கட்டிய அந்த வரியை, விற்பனையில் வசூலிக்கும் வரியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. எனவே அது புத்தகத்தின் அடக்க விலைக்குள் சத்தமில்லாமல் புகுந்துவிடுகிறது. ரசீதில் பூஜ்யம் என்று இருந்தாலும், தாளின் வழியாக நீங்கள் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மின்னூலின் வரி கண்ணுக்குத் தெரிகிறது, அச்சு நூலின் வரி தெரியவில்லை.

படிப்பு ஒன்றுதானே என்ற உங்கள் கேள்வியைப் பிற நாடுகளிலும் கேட்டார்கள். பிரிட்டனில் அச்சு நூலுக்கு வரி பூஜ்யமாகவும் மின்னூலுக்கு 20 சதவீதமாகவும் நெடுங்காலம் இருந்தது. 2020 மே 1 முதல் மின்னூலுக்கும் பூஜ்யமாக்கிவிட்டார்கள்.

என் அண்ணன் பிரான்சில் குடியுரிமை பெற்று வாழ்கிறார். அங்கே எந்தக் கடையில் கேட்டாலும் ஒரு புத்தகத்துக்கு ஒரே விலைதான், மின்னூலுக்கும் அப்படியே என்கிறார். இங்கே மட்டும் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை காட்டுகிறதே, விலையை முடிவு செய்வது யார்?
*– வாசகி, இலாசுப்பேட்டை, புதுச்சேரி*

அம்மா, உங்கள் அண்ணன் சொல்வது உண்மை. பிரான்சில் 1981 ஆகஸ்டில், ஜாக் லாங் கலாசார அமைச்சராக இருந்தபோது, ஒரு சட்டம் வந்தது. அதன்படி நூலின் விலையைப் பதிப்பாளரே நிர்ணயிப்பார். கடைக்காரர் அதில் 5 சதவீதத்துக்கு மேல் குறைத்து விற்கக் கூடாது. பெரிய அங்காடிகள் நட்டத்துக்கு விற்றுச் சிறிய புத்தகக் கடைகளை மூடவைத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். 2011 மே மாதத்தில் மின்னூலுக்கும் அதே கொள்கையை வேறொரு சட்டத்தால் கொண்டுவந்தார்கள். வரியிலும் 2012 முதல் மின்னூலை அச்சு நூலுக்குச் சமமாக நடத்தினார்கள். ஐரோப்பிய விதிகளுக்கு அது முரணானது என்று 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரான்ஸ் விடவில்லை, 2018இல் ஐரோப்பிய ஒன்றியமே விதியை மாற்றி, மின்னூலுக்கும் குறைந்த வரி விதிக்க உறுப்பு நாடுகளுக்கு இடம் கொடுத்தது.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறான கதை. 2007 நவம்பரில் கிண்டில் கருவியை அறிமுகப்படுத்திய அமேசான், புதிதாக வந்து நன்றாக விற்கும் நூல்களின் மின்பதிப்பை 9.99 டாலருக்குக் கொடுத்தது. பதிப்பாளரிடம் அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கிக் குறைத்து விற்ற நேரங்களும் உண்டு. வாசகருக்குக் கொண்டாட்டம், பதிப்பாளருக்கோ, புத்தகத்தின் மதிப்பே பத்து டாலர்தான் என்று மக்கள் மனத்தில் பதிந்துவிடுமே என்ற கவலை. 2010இல் ஆப்பிள் ஐபேடைக் கொண்டுவந்தபோது, விலையைப் பதிப்பாளர் முடிவு செய்யட்டும், கடைக்கு 30 சதவீதம் போதும் என்ற ஏற்பாட்டோடு ஐந்து பெரிய பதிப்பகங்கள் அதனுடன் கைகோத்தன. விலைகள் ஏறின. 2012 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. பதிப்பகங்கள் சமரசத்துக்கு வந்தன. விலையை ஏற்றக் கூட்டுச் சேர்ந்ததாக 2013 ஜூலையில் ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது; மேல்முறையீடுகள் முடிந்த பிறகு அந்நிறுவனம் 45 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. பதிப்பாளர் விலை வைப்பதில் குற்றமில்லை, ஐந்து பேர் கூடிப் பேசி வைத்ததுதான் குற்றம் என்பது அந்த வழக்கின் சாரம்.

நம் நாட்டில் பிரான்சைப்போன்ற சட்டம் இல்லை. அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். காலை மாலை மாற்றத்துக்கு அதுதான் காரணம். என்னைக் கேட்டால், நேரு வீதியில் பிற சாமான்களுக்கு நாம் பேரம் பேசுவதைப் புத்தகத்துக்கும் நீட்டிக்க வேண்டியதில்லை என்பேன். ஆனால் 5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவே கூடாது என்ற சட்டம் இங்கே வந்தால் முதலில் முணுமுணுப்பவனும் நானாகத்தான் இருப்பேன்.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகங்களை வாங்கிப் படித்து, படித்ததை அங்கேயே விற்றும் விடுவேன். 200 ரூபாய்க்கு வாங்கிய நூலை 60 ரூபாய்க்கு விற்றால் எனக்கு ஆன செலவு 140 ரூபாய்தான். மின்னூலை அப்படி விற்க முடியுமா? முடியாது என்றால் அதன் உண்மையான விலை என்ன?
*– வாசகர், வில்லியனூர்*

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஆகச் சிறந்தது இதுதான். உற்பத்திச் செலவைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும், விலையை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, கொடுத்த பணத்துக்கு நம் கைக்கு என்ன வருகிறது என்பதைத்தான்.

அச்சு நூலை வாங்கியவர் அந்தப் படிக்கு உடைமையாளர். விற்கலாம், இரவல் தரலாம், பேரனுக்குக் கொடுக்கலாம். நூலின் பதிப்புரிமை ஆசிரியரிடம் இருந்தாலும், அந்தப் படியின் மீது அவருக்கோ பதிப்பாளருக்கோ பிறகு பிடி இல்லை. மின்னூலில் நாம் பெறுவது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. பெரிய மின்னூல் கடைகளின் விதிமுறைகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. நாம்தான் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிடுகிறோம். படித்து முடித்த மின்னூலை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்ய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கலிபோர்னியா மாநிலத்தில், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைக் கடைகள் பயன்படுத்தக் கூடாது என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

உரிமம் என்ற சொல்லின் கனம் என்ன என்பதை 2009 ஜூலையில் சில கிண்டில் வாசகர்கள் தெரிந்துகொண்டார்கள். உரிமை இல்லாத ஒருவர் கடையில் ஏற்றியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்து, பிறகு மன்னிப்பும் கேட்டது என்பது வேறு விஷயம். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் எல்லாம் படிக்க முடியாதவை ஆயின. அங்கும் பணம் திரும்பி வந்தது. வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு ஏற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

நூலகங்களுக்கு இது இன்னும் கசப்பானது. 1827இல் தொடங்கிய நம் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம், தான் வாங்கிய புத்தகம் ஒன்றை அட்டை நைந்து போகும்வரை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பெரிய பதிப்பகமோ 2011இல், நூலகத்துக்கு விற்கும் மின்னூலை 26 முறை மட்டுமே இரவல் தரலாம், அதன் பிறகு மறுபடி வாங்க வேண்டும் என்று விதி வைத்தது.

ஆகையால் உங்கள் கணக்கையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். படித்துவிட்டு விற்றுவிடும் வழக்கமுள்ள உங்களுக்கு 200 ரூபாய் அச்சு நூலின் நிகரச் செலவு 140 ரூபாய். மின்னூல் 140 ரூபாய்க்குக் கீழே வந்தால்தான் உங்களுக்கு அது மலிவு. வாங்கிய நூலை விற்காமல் அலமாரியில் வைப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கும் ஒன்று உண்டு: 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கரையேறியபோது, ஓடு பறந்துபோன வீடுகளில் நனைந்து உப்பிப்போன புத்தகங்களை நம் பகுதியில் எத்தனையோ பேர் வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். என் அலமாரியின் கீழ்த்தட்டும் அதில் அடக்கம். அன்று மின்னூலாக வாங்கியிருந்தால் ஈரம் பட்டிருக்காது. இதற்கு எத்தனை ரூபாய் மதிப்புப் போடுவது என்பதை அவரவர் வீட்டுக் கூரையைப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

மாதச் சந்தா கட்டினால் எத்தனை நூல் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிறார்கள். மாதம் பத்துக் குடும்ப நாவல்கள் படிப்பேன். லாபமா?
*– வாசகி, நெல்லிக்குப்பம்*

மாதம் பத்து நாவல் படிப்பவருக்குச் சந்தா லாபம்தான், தயங்க வேண்டாம். நீங்கள் விரும்பும் எழுத்தாளர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தாவை நிறுத்தினால் எடுத்த நூல்களும் போய்விடும். அமேசானின் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் 2015 ஜூலை முதல், வாசகர் எத்தனை பக்கம் படித்தார் என்பதைக் கணக்கிட்டே எழுத்தாளருக்குப் பணம் தருகிறார்கள். ஆகவே பாதியில் மூடிவைக்கும் நாவலுக்குப் பாதிக் கூலிதான்.

என் முதல் சிறுகதைத் தொகுப்பை நானே மின்னூலாக வெளியிட இருக்கிறேன். 49 ரூபாய் வைத்தால் நிறையப் பேர் வாங்குவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். 150 வைக்க எனக்கு ஆசை. தங்கள் ஆலோசனை என்ன?
*– வாசகர், கடலூர் முதுநகர்*

நண்பர்களுடைய 49 ரூபாயில், வரியும் கடையின் பங்கும் போக உங்களுக்கு வந்து சேர்வது ஒரு டீக்கும் ஒரு வடைக்கும் ஆகும். அதற்காக அது தவறான விலை என்று சொல்ல மாட்டேன். பெயர் தெரியாத எழுத்தாளரின் முதல் நூலை வாங்குபவர் பணத்தைவிடத் தம் மூன்று மணி நேரத்தைப் பணயம் வைக்கிறார். நூறு ரூபாய்க்கு மேல் கேட்டால் பலர் கையை இழுத்துக்கொள்வார்கள்.

விலைக்கு முன்னால் உரிமைத்தொகை விகிதத்தைப் பாருங்கள். அமேசானின் நேரடிப் பதிப்புத் திட்டத்தில் 70 சதவீதம், 35 சதவீதம் என இரண்டு விகிதங்கள் உண்டு. இந்தியாவில் நடக்கும் விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால், தொண்ணூறு நாள் தவணைகளில் மின்னூலை அவர்களிடம் மட்டுமே விற்பதாக ஒப்புக்கொள்ளும் திட்டத்தில் சேர வேண்டும். அதில் கோப்பின் அளவைப் பொறுத்து அனுப்பும் கட்டணமும் பிடிப்பார்கள். கதைத் தொகுப்புக்கு அது சிறிய தொகை, படங்கள் நிறைந்த நூல் என்றால் சுடும். 35 சதவீதத்தில் 150 ரூபாய் வைப்பதும் 70 சதவீதத்தில் 75 ரூபாய் வைப்பதும் உங்கள் பைக்கு ஏறக்குறைய ஒன்றுதான்; வாசகரின் பைக்கு இரண்டும் ஒன்றல்ல. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 75 முதல் 99 ரூபாய்க்குள் வைத்து, தெரிந்த தமிழாசிரியர் ஒருவருக்கு அந்தப் பணத்தில் மெய்ப்புக் கூலி கொடுப்பேன். சுயமாக வெளியிட்ட மின்னூல்களின் பெயர் கெட்டிருப்பது ஒற்றுப்பிழைகளால்தான், விலையால் அல்ல.

இலவச நாள் அறிவிப்பு வேண்டுமானால் ஒரு முறை செய்துபாருங்கள். இலவசமாக இறக்கிவைத்தவர்களில் பலர் அந்த நூலைத் திறப்பதே இல்லை.

பாரதியார் கவிதைகள் மின்னூலுக்கு ஒரு கடையில் 99 ரூபாய், இன்னொரு இடத்தில் இலவசம். காசு வாங்குவது சட்டப்படி சரியா?
*– வாசகி, புதுச்சேரி*

சரிதான். பாரதியாரின் எழுத்துகளுக்கான உரிமையை 1949இல் அரசு பெற்று, பின்னர் பொதுவுடைமை ஆக்கியது. நம் சட்டப்படி ஓர் ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் ஆனால் எவருடைய நூலும் பொதுவாகிவிடும். பொதுவான நூலை யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், என்ன விலையும் வைக்கலாம். நல்ல பாடமும் குறிப்பும் சேர்த்துக் கவனமாகப் பதிப்பித்தவர் 99 ரூபாய் கேட்டால் நான் கொடுப்பேன். இணையத்தில் கிடந்ததை எடுத்துப் பிழையோடு ஒட்டிவைத்தவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? வாங்குமுன் மாதிரிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஏராளமான நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாரதியார் 1908 முதல் 1918 வரை தங்கி எழுதிய ஊரில் இருந்துகொண்டு அவருக்கு 99 ரூபாய் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கொடுத்தாலும் அது அவருக்குப் போவதில்லை, அம்மா.

அச்சு நூல் வாங்குபவருக்கு மின்னூலையும் சேர்த்தே கொடுத்துவிட்டால் இந்தச் சண்டையே இருக்காதே?
*– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்*

அமேசான் 2013இல் அமெரிக்காவில் இதைச் செய்துபார்த்தது. அச்சு நூலை அவர்களிடம் வாங்கியிருந்தால், அதன் மின்னூல் மூன்று டாலர் அல்லது அதற்கும் குறைவாக, சில வேளை இலவசமாகவே கிடைத்தது. 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். எந்தெந்த நூலைத் திட்டத்தில் சேர்ப்பது என்பது பதிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. பெரிய பதிப்பகங்கள் பலவும் ஆர்வம் காட்டவில்லை. தமிழில் இதைச் செய்வதற்கு அப்படிப்பட்ட பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். நெய்வேலி கண்காட்சியில் தம் கடைக்கு வந்து 300 ரூபாய் நாவலை வாங்குபவரிடம், இன்னும் முப்பது ரூபாய் கொடுத்தால் மின்னூலும் உங்களுக்கு என்று ஒரு பதிப்பாளர் சொல்லிப் பார்க்கலாம். முத்தியால்பேட்டை ஆசிரியர் ஐயா வீட்டில் அச்சு நூலை அம்மா படிப்பார். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு ஐயா கருவியில் படிப்பார்.